விரிசல் விட்ட வானம்: நிலக்காட்சி எண்ணெய் ஓவியத்தைப் பார்க்கும் முறை பற்றி

உப்பனாற்றுக்கரை (கடலூர் முதுநகர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் தொங்குகிறது. பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த என் மாமா, அதாவது அத்தையின் கணவர், 1978-இல் உப்பனாற்றங்கரையில் அமர்ந்து வரைந்தது. மூன்றடி அகலம், இரண்டடி உயரம். இடப்பக்கம் கரையேற்றிய இரண்டு படகுகள், நடுவில் அகன்ற நீர், வலப்பக்கம் முழுவதும் வெறும் வானம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சொல்வது ஒரே பாராட்டுத்தான்: “அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது.” மாமா உயிரோடிருந்த காலத்தில் இதைக் கேட்டால் அவர் முகம் வாடிவிடும், பதில் எதுவும் சொல்லமாட்டார். அவர் வாட்டத்தின் காரணத்தை அப்போது நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பது இப்போது வருத்தமாக இருக்கிறது.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. ‘போட்டோ மாதிரி’ என்பதற்கு அப்பால் இத்தகைய ஓவியத்தில் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்? இது முதலாவது. இரண்டாவது, வலப்பக்க வானத்தில் ஒரு சாண் அளவுக்கு விரிசல்கள் விட்டிருக்கின்றன. படம் முழுவதும் சற்று மஞ்சள் பாய்ந்தும் இருக்கிறது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தபோது கூடத்தின் மேற்கூரை ஒழுகியது, ஆனால் விரிசல் அதற்கு முன்பே இருந்ததாக அத்தை சொல்கிறார். படத்தைப் பார்த்த ஒருவர், விரிசல்களில் நீல வண்ணத்தை நிரப்பி, மேலே பளபளப்பாக வார்னிஷ் பூசித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?


பழைய மாணவி (அரியாங்குப்பம்) எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில், அந்தப் படத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். விரிசல் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே எழுதுவார்கள். நான் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஓவியக் கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர், எந்த எண்ணெய் ஓவியத்தின் முன்னும் நேராக நிற்பதற்கு முன்பு பக்கவாட்டில் போய் நிற்கச் சொல்வார். ஒளி சாய்வாக விழும் கோணத்திலிருந்து பார்த்தால் படகும் நீரும் மறைந்து, வண்ணத்தின் மேடுபள்ளம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். எங்கே வண்ணம் கித்தான் துணியின் இழை தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது, எங்கே கத்தியால் வெண்ணெய்போல் அப்பப்பட்டிருக்கிறது, தூரிகை எந்தத் திசையில் நகர்ந்தது என்பதையெல்லாம் வாசித்துவிட்டு, அதன் பிறகு நேரே வந்து நின்றால், அதே படம் வேறு படமாக இருக்கும்.

இது ஏன் எண்ணெய் வண்ணத்துக்கு மட்டும் இவ்வளவு பொருந்துகிறது என்றால், அது உலரும் விதம் தனி. நீர் வண்ணத்தில் நீர் ஆவியாகிப் போய்விடுகிறது, பூச்சு மெலிந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு, ஒரு தோலாக மாறுகிறது. ஆகவே தூரிகையின் மயிர்கள் விட்டுப்போன வரிப்பள்ளங்கள் அப்படியே நிலைத்துவிடுகின்றன. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாட்கள் போதும், உள்ளே முழுதும் இறுகப் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளிதான் ஓவியருக்குக் கிடைக்கும் சலுகை: ஈரத்தின் மேல் ஈரமாகக் கலக்கலாம், பிடிக்காததைச் சுரண்டி எடுக்கலாம், ஒரு வாரம் கழித்து மீண்டும் வந்து மேலே எழுதலாம்.

இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் தாளின்மேல் வரைந்தார். பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கிறார். மேகம் கலைவதற்குள் முடிக்கவேண்டிய அவசரம் அந்தத் தூரிகை வீச்சுகளில் இன்றும் இருக்கிறது. அவருடைய ‘வைக்கோல் வண்டி’ ஓவியம் 1821-இல் முடிந்து, 1824-இல் பாரிஸில் தங்கப்பதக்கம் பெற்றது. ஆறடிக்கும் அதிக அகலமுள்ள அந்தப் படத்தில் ஈரத்தின் மினுமினுப்புக்காக அவர் தெளித்த வெள்ளைப் புள்ளிகளை அக்காலத்தவர் சிலர் ‘கான்ஸ்டபிளின் பனி’ என்று குறை கூறினார்கள். அருகில் போனால் அவை வெறும் வெள்ளைக் கட்டிகள். நான்கைந்து அடி பின்வாங்கினால் ஈரமான இலைகள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல்தான். அதாவது, போட்டோ என்ற ஒன்றே இல்லாத காலத்தில் செய்யப்பட்ட காரியம் இது. வண்ணக் கட்டி இலையாக மாறும் அந்தத் தூரத்தைக் கண்டுபிடித்து, அங்கே முன்னும் பின்னும் இரண்டு முறை நடந்து பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த பார்க்கும் முறை.

உங்கள் படத்தில் படகின் ஓரங்களையும் கவனியுங்கள். நீரோடு படகு சேரும் கோட்டில், இரண்டு வண்ணங்களுக்கும் இடையே வேறொரு நிறம் மெல்லிய கீற்றாக எட்டிப் பார்க்கிறதா? அது கித்தானுக்கு முதலில் பூசிய அடித்தள நிறம். என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.


சவுக்குத்தோப்பு (தேவனாம்பட்டினம்) எழுதியது:

மேலே எழுதிய அம்மையாரின் அறிவை மதிக்கிறேன். ஆனால் ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் வண்ணம் தொட்டவன் இல்லை. இருபது ஆண்டுகளாகத் தினமும் காலையில் வெள்ளிக் கடற்கரையில் நடக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கண்காட்சியில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்தை வரைந்திருந்த சிறிய ஓவியம் ஒன்றைப் பார்த்து, காரணம் தெரியாமல் அரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறேன். அப்போது எனக்கு ஆளிவிதை எண்ணெய் என்ற பெயரே தெரியாது. குழம்பை ருசிக்கிறவனுக்கு எந்தக் கடையில் வாங்கிய மல்லி என்ற விவரம் தேவையா? பொருள், முறை என்று பேசத் தொடங்கினால், ஓவியம் படித்தவர்களின் சொத்து என்ற எண்ணம் சாதாரண மக்களுக்கு வந்துவிடும். ‘போட்டோ மாதிரி’ என்று சொல்லும் பெரியவரும் தம் மனத்தில் பட்டதைத்தான் சொல்கிறார். அவரை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.


பழைய மாணவி (அரியாங்குப்பம்) எழுதியது:

ஐயா, தங்கள் அரை மணி நேரத்தை நான் எந்தக் கல்விக்கும் கீழாக வைக்கமாட்டேன். ஆனால் பொருள் பற்றிய அறிவு படித்தவர்களிடம் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மார்கழியில் எங்கள் தெருவில் சிக்குக் கோலம் போடுகிற பெண்கள், பக்கத்து வீட்டுக் கோலத்தைக் கடந்து போகும்போதே, எந்தப் புள்ளியில் தொடங்கினாள், எங்கே கை தயங்கியது, மாவில் ஈரம் இருந்ததா என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கண்ணால் அவர்களுக்குக் கோலத்தின் அழகு குறைவதில்லை, கூடுகிறது. பள்ளிக்குப் போய் அதைக் கற்கவும் இல்லை. நான் கேட்பது அந்தக் கண்ணைத்தான்.

தாங்கள் தினமும் பார்க்கும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். நம் கரை கிழக்கு நோக்கியது. காலையில் கதிரவன் கடலின் பக்கம் இருப்பதால் படகுகள் கறுத்த உருவங்களாகவும், நீர் கண்ணைக் கூசும் தகடாகவும் தெரிகின்றன. மாலையில் ஒளி நம் முதுகுக்குப் பின்னாலிருந்து போய்க் கடலின் மேல் விழுகிறது. அப்போதுதான் நீரின் பச்சையும் படகின் வண்ணமும் முழுமையாகத் தெரியும், நிழல் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கடலுக்குள் கதிரவன் இறங்கும் காட்சியைப் பிற நாட்டுப் படங்களில் பார்த்துப் பழகிய கை, இங்கேயும் அந்தச் செம்மையைக் கடலின் மேல் பூசிவிடுகிறது. அத்தகைய படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் கரையின் படம் ஆகாது.

அதேபோல், தூரத்தில் உள்ளவற்றை நீலமாக்க வேண்டும் என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. மலைநாட்டுத் தெளிந்த காற்றுக்கு அது பொருந்தும். நம் கடற்கரையில் ஈரமும் உப்பும் கலந்த காற்று தூரத்தை நீலமாக்குவதைவிட வெளுக்கச் செய்கிறது. சில காலைகளில் தொடுவானக் கோடே இருப்பதில்லை. அதைக் காட்ட விரும்பும் ஓவியர், கடலும் வானமும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் இரண்டின் சந்திப்பை ஒருமுறை, ஒரே ஒருமுறை, கிடைமட்டமாக இழுத்துவிடுகிறார். இரண்டாம் முறை இழுத்தால் சேறாகிவிடும். தங்களை அரை மணி நேரம் நிறுத்திவைத்தது அப்படி ஓர் இழுப்பாகக்கூட இருந்திருக்கலாம்.

பச்சையைப் பற்றியும் ஒரு சொல். குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசிய தென்னை, பிளாஸ்டிக் தென்னைபோல் இருக்கும். ஒளி ஊடுருவி வரும் கீற்று மஞ்சளாகத் தெரியும். மேலிருந்து ஒளி பட்டுத் தெறிக்கும் கீற்று வானத்தின் நீலத்தை வாங்கிச் சாம்பல் பூத்திருக்கும். சவுக்குக்கு நான் அல்ட்ராமரீன் நீலத்தோடு மஞ்சள் காவியைக் கலந்து, அதைச் சிறிது பழுப்பால் அடக்குகிறேன். ஓவியரின் நேர்மையை அளக்க நான் முதலில் பார்க்கும் இடம் பச்சைதான்.


சட்டக்கடை (புதுச்சேரி) எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளாகப் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறேன். உப்பனாற்றுக்கரை ஐயாவின் இரண்டாம் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

விரிசல்களில் இரண்டு வகை முக்கியமானவை. முதுமையால் வருவது மெல்லிய வலைபோல் இருக்கும். ஓரங்கள் கூர்மையாக இருக்கும், அடித்தளப் பூச்சு வரைக்கும் இறங்கியிருக்கும். உலரும்போதே வருவது வேறு. அதன் வாய் அகன்றிருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும், வெயிலில் காய்ந்த ஏரியின் சேறு பிளந்ததுபோல் இருக்கும், பிளவுக்குள் கீழ் அடுக்கின் நிறம் தெரியும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும். புயலுக்கு முன்பே இருந்தது என்று அத்தை சொல்வதால் உங்களுடையது இரண்டாம் வகை என்று நினைக்கிறேன்.

எண்ணெய் ஓவியத்தில் மீறக்கூடாத ஒரு முறை உண்டு. கீழ் அடுக்கு மெலிந்ததாக, அதாவது டர்பன்டைன் கலந்து எண்ணெய் குறைந்ததாக இருக்கவேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூடவேண்டும். எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக உலரும். அதன்மேல் எண்ணெய் குறைந்த வண்ணத்தைப் பூசினால், மேலே உள்ளது முதலில் இறுகிவிடும், கீழே உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருக்கும். ஈரச் சுவரின்மேல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

மஞ்சள் பாய்ந்ததற்கு ஓரளவு தீர்வு உண்டு. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும் இயல்புடையது. நல்ல வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் அந்த மஞ்சளில் ஒரு பகுதி தானே குறையும். நேர் வெயில் படக்கூடாது. கூடத்தின் இருண்ட மூலையிலிருந்து படத்தை இடம் மாற்றுங்கள். ஆனால் மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்ச் சுவர்கள் வாங்கும் ஈரம் முழுவதும் கித்தானின் முதுகுக்குப் போகிறது. கித்தானுக்கு முன்காலத்தில் பூசிய தோல் பசை, நம் தச்சர்கள் சொல்கிற வச்சிரப் பசையின் இனம்தான்; ஈரத்தில் ஊறி உப்பும், கோடையில் இறுகிச் சுருங்கும். ஆண்டுதோறும் இப்படி மூச்சுவிடும் துணியின்மேல் இறுகிப்போன வண்ணத்தோல் எவ்வளவு காலம் தாங்கும்? இப்போது பலரும் அக்ரிலிக் பூச்சு பூசிய கித்தானை வாங்குவதற்கு இது ஒரு நல்ல காரணம். துணி தொய்ந்திருந்தால் சட்டத்தின் உள்மூலைகளில் உள்ள மர ஆப்புகளை மெல்லத் தட்டி இறுக்கலாம். முன்பக்கத்திலிருந்து ஆணி அடித்து இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்த படங்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

விரிசலை நிரப்பவேண்டாம். வார்னிஷும் வேண்டாம். டாமர் வார்னிஷ் என்பது குங்கிலிய இனத்து மரப்பிசினைக் கரைத்துச் செய்வது. அது காலப்போக்கில் தானும் மஞ்சளாகும், திறந்த பிளவுக்குள் இறங்கினால் திரும்ப எடுப்பது கடினம். படத்தைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொண்டுவருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் ஒருநாளும் இறுகாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

வண்ணம் பயன்படுத்துகிற நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது இறுகும்போது வெப்பம் உண்டாகி, குவியல் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீரில் நனைத்து மூடியுள்ள தகரப் பெட்டியில் போடுங்கள்.


செம்மண் ஓடை (பொம்மையார்பாளையம்) எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. எங்கள் ஊரின் செம்மண் ஓடைகளை வரைய முயல்கிறேன். கடையில் வாங்கும் செம்பழுப்பு நிறம் எதுவும் அந்த மண்ணுக்கு ஒத்துவரவில்லை. அந்த மண்ணையே அரைத்து வண்ணமாக்க முடியுமா? ஆளிவிதை எண்ணெய் விலை அதிகம் என்பதால் வீட்டு நல்லெண்ணெயில் குழைக்கலாமா?


பழைய மாணவி (அரியாங்குப்பம்) எழுதியது:

மண்ணைப் பயன்படுத்தலாம், நானே செய்திருக்கிறேன். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. குகை ஓவியங்களின் காலத்திலிருந்து மனிதர் நம்பிவந்த நிறம் அது, ஒளியில் வெளுக்காது. மண்ணை நிறைய நீரில் கரைத்து, மணல் அடியில் இறங்கியதும் கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து, படியும் வண்டலைக் காயவைக்கவேண்டும். கடலோர மண் என்பதால் உப்புப் போகும்வரை மழைநீரில் நான்கைந்து முறை கழுவுவது நல்லது. பிறகு மெல்லிய துணியில் சலித்து, கண்ணாடிப் பலகையின்மேல் சிறிது சிறிதாக எண்ணெய் விட்டுக் குழவியால் அரைக்கவேண்டும். மஞ்சள் மண் கிடைத்தால் அதை இரும்புச் சட்டியில் வறுத்துப் பாருங்கள். நீர்ச்சத்து நீங்கி மஞ்சள் சிவப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நல்லெண்ணெய் கூடாது. எண்ணெய் இறுகும் ஆற்றலை அயோடின் எண்ணால் அளக்கிறார்கள். ஆளிவிதைக்கு அது 170-க்கு மேல், நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 110, தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டி. நல்லெண்ணெயில் குழைத்தால் ஆண்டுக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். செலவைக் குறைக்க விரும்பினால் கித்தானின் அளவைக் குறையுங்கள், எண்ணெயை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. கரையில் அமர்ந்து வரைந்தால் மணல் ஒட்டத்தான் செய்யும், அதற்காகக் கலங்கவேண்டாம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1870-இல் ட்ரூவில் கடற்கரையில் வரைந்த படத்தின் வண்ணத்துக்குள் மணலும் சிப்பித் துகளும் இருக்கின்றன. டச்சு ஓவியர் வான் கோ 1882-இல் ஸ்கெவனிங்கனில் பெருங்காற்றில் வரைந்த கடல் ஓவியத்திலும் மணல் சிக்கியிருக்கிறது.


உப்பனாற்றுக்கரை (கடலூர் முதுநகர்) எழுதியது:

நேற்று இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, படத்தை மேசைமேல் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் பார்த்தேன். இதை எழுதும்போதும் வியப்பு நீங்கவில்லை.

படகுகளின் ஓரத்தில் தெரிவது செங்காவி நிறம். நீர் முழுவதும் அந்தச் செம்மையின்மேல் மிக மெல்லியதாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த நீரில் நான் உணர்ந்த வெதுவெதுப்பு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. படகின் விளிம்பில் வண்ணம் கத்தியால் அப்பப்பட்டு அரிசி அளவுக்கு உயர்ந்து நிற்கிறது.

வலப்பக்க வானத்தில், நேரே பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடத்தில், செங்குத்தாக ஒரு மேடு கீழிருந்து மேலே போகிறது. அதன் உச்சியில் தூரிகை வரிகள் விசிறிபோல் எல்லாத் திசைகளிலும் விரிகின்றன. அது ஒரு பனைமரம். முழுதாக வரைந்து முடித்து, பிறகு வானத்தால் மூடியிருக்கிறார். விரிசல்கள் அனைத்தும் அந்தப் பனையின் தலைப்பகுதியில்தான் இருக்கின்றன. தண்டின்மேல் அநேகமாக இல்லை. அத்தையிடம் கேட்டதற்கு, துறையை ஒட்டி அப்போது ஒரு பனை நின்றது உண்மை என்றும், படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு மூன்று நாள் அதன் எதிரிலேயே அமர்ந்திருந்தார் என்றும் சொன்னார். டார்ச் ஒளியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.


சட்டக்கடை (புதுச்சேரி) எழுதியது:

தண்டுக்கு அவர் பழுப்பு மண் வண்ணம் பயன்படுத்தியிருப்பார். அம்பர் எனப்படும் அந்த மண்ணில் மாங்கனீசு இருப்பதால் அது விரைவில் உலரும். மேலே வானம் பூசியபோது தண்டு ஏற்கெனவே இறுகியிருக்கும். ஓலைகளின் இருட்டுக்குக் கறுப்பு கலந்திருப்பார். கறுப்பு எண்ணெயை அதிகம் குடிக்கும், மிக மெதுவாக உலரும். இரண்டு மூன்று நாளில் அதன்மேல் வெள்ளை கலந்த வானம் ஏறியதால், தலைப்பகுதி மட்டும் பிளந்திருக்கிறது.


சவுக்குத்தோப்பு (தேவனாம்பட்டினம்) எழுதியது:

இணைத்த படத்தை நெடுநேரம் பார்த்தேன். கைப்பேசித் திரையில் அந்தப் பனை இருந்த இடத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் பார்த்தேன். குச்சி இருக்கும்போது கண் படகுக்கும் மரத்துக்கும் இடையே நின்றுவிடுகிறது. எடுத்துவிட்டால் நீரோடு சேர்ந்து வலப்பக்கம் முகத்துவாரம்வரை போகிறது. அங்கே நின்ற மரத்தைப் போட்டோவால் நீக்கியிருக்க முடியாது. அம்மையாரிடம் நான் எழுதிய மாற்றுக்கருத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.


உப்பனாற்றுக்கரை (கடலூர் முதுநகர்) எழுதியது:

விரிசலை நிரப்புவதாகச் சொன்னவரிடம் வேண்டாம் என்று தெரிவித்துவிட்டேன். சட்டக்கடை ஐயா, வரும் ஞாயிற்றுக்கிழமை படத்தைத் துணியில் சுற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுவருகிறேன். ஆப்புகளை மட்டும் சரிபார்த்து, சுவருக்கும் கித்தானுக்கும் இடையே காற்று போகும்படி பின்பக்கம் ஓர் அட்டை அடித்துத் தாருங்கள். கண்ணாடி போடவேண்டாம் என்று அத்தை சொல்கிறார். சாயங்காலத்தில் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படும் சுவர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, அங்கே மாட்டப் போகிறோம்.